இல்லத்திற்கு அனுப்பிய இறைவன்

(திருக்குட நீராட்டு விழாப் பந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மெய்யன்பர்களே! தாய்மார்களே! பொன்னும் பொருளும் உடலுழைப்பும் நல்கி இத்திருப்பணியை நிறைவேற்றிய புண்ணியசீலர்களே!

ஆகமங்களைக் குறித்தும் திருமுறைகளைக் குறித்தும் விரித்துரைக்கப் பேரறிஞர் பலர் இவ்விழாவிற்கு எழுந்தருளியிருக்கின்றனர். அவர்கள் நடுவே நின்று பேசுவதற்கு அடியேனுக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். நான் ஒரு குடும்பஸ்தன். இம்மலையிலே சிறிய காபித் தோட்டம் வைத்துப் பிழைப்பவன். 'குடும்பத் தொல்லைகளுக்கு இடையே ஆண்டவனை மறவாதிருப்பது எவ்வாறு என்பதைப் பற்றி உங்கள் அநுபவத்தைச் சொல்லுங்கள்' என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். பணித்த வண்ணமே சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

நம் ஊரின் பெயரை எண்ணிப் பாருங்கள். ஒண்டி என்றால் தனி. ஒண்டிக்கடை என்னும்போது தனித்து நின்ற ஒரு கடை நம் மனக்கண்முன் தோன்றுகிறது. இன்றோ ஏற்காட்டிற்கு வருவோர் பலர் இவ்விடத்தைக் கடந்து செல்லுகின்றனர். கடைகளும் வண்டிகளும் மக்களுமாக ஊர் நிறைந்திருக்கிறது. பெயரிலேதான் ஒண்டி இருக்கிறது, ஊரிலே இல்லை. ஆனால், ஊர் நிறைந்திருந்தாலும் மனிதன் ஒண்டியாக நிற்கும் காலம் ஒன்று உண்டு. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே, ஒரு தோளில் பெற்றோரையும் மறு தோளில் மக்களையும் தாங்கிக்கொண்டு, வரவுக்கும் செலவுக்கும் நடுவே வழி தெரியாமல் திகைக்கும் காலமே அது. அந்தக் காலத்தில்தான், 'ஆண்டவன் என்னை மறந்துவிட்டானோ?' என்ற ஐயமும், 'ஆண்டவனை நினைக்க எனக்கு நேரம் ஏது?' என்ற சலிப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. இவ்விரண்டிற்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நடுவழி

சேலத்திலிருந்து நம் மலைக்கு ஏறிவரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை நீங்கள் அறிவீர்கள். வளைவுதோறும் வண்டி தன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மலையுச்சியை நோக்கிச் சென்றது, அடுத்த கணமே வந்த திசையை நோக்கிச் செல்வதுபோலத் தோன்றும். புதிதாக வருபவர், 'திரும்பிப் போகிறோமோ?' என்றுகூட மயங்குவார். ஆனால் திசை மாறினும் ஏற்றம் மாறவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சிறிது உயர்ந்தே இருக்கிறோம்.

நடுவயது வாழ்க்கையும் இத்தகையதே. இருபத்தைந்தாம் வயதில் நாம் வகுத்துக்கொண்ட குறிக்கோள்கள், நாற்பத்தைந்தாம் வயதில் எதிர்த்திசையில் போவதுபோலத் தோன்றும். அடியேனுக்கும் மூன்று குறிக்கோள்கள் இருந்தன. தோட்டத்தோடு இன்னும் ஓர் ஏக்கர் நிலம் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. ஓட்டு வீட்டைப் பெரிதாக்கிக் கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. நாற்பத்தைந்து வயதிற்குள் தாயாரையும் அழைத்துக்கொண்டு காசி யாத்திரை செய்து வர வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றும் தவறான ஆசைகள் அல்ல. இல்லறத்தானுக்கு உரியவையே.

இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் குடும்பஸ்தனுக்கு ஐந்து கடமைகளை வகுத்திருக்கிறார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் ஆகிய ஐவரையும் அவன் பேண வேண்டும். இவ்வரிசையில் 'தான்' கடைசியில் வருகிறது; எனினும் விட்டுப் போகவில்லை. தெய்வமோ முன்னோருக்கும் விருந்தினருக்கும் நடுவே, சுற்றத்தார் சூழ இருக்கும் வீட்டிற்குள்ளேயே வைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே வருவோம்.

உலகச் சந்தையும் ஒரு சமையலறையும்

நம் மலையில் காபிப் பயிர் வந்த வரலாறு நெடியது. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். அன்று முதல் இன்று வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இம்மலையின் அடுப்பு எரிவதில் காபிக்கும் பங்கு உண்டு. முதற்பூமழை பெய்து, பத்து நாட்களுக்குள் தோட்டம் முழுதும் வெண்மையாகப் பூத்து நிற்கும்போது, அந்த மணத்தில் ஓர் ஆண்டுக்குரிய நம்பிக்கையே அடங்கியிருக்கும்.

ஆனால், அந்தப் பூ எவ்வளவு விலைக்குப் போகும் என்பதை நம் மலை தீர்மானிப்பதில்லை. காபி விளைக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் கூடி வகுத்திருந்த ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை 1989-ஆம் ஆண்டில் முறிந்தது. நம் நாட்டில் காபி வாரியத்தின் வாயிலாக நடந்துவந்த கூட்டு விற்பனை முறையும் 1990-களில் படிப்படியாக விலகியது. வியத்நாமிலும் பிரேசிலிலும் விளைச்சல் பெருகியது. 2001-ஆம் ஆண்டிலே உலகச் சந்தையில் காபியின் விலை, முப்பது ஆண்டுகளில் காணாத தாழ்நிலைக்கு இறங்கிற்று. எங்கோ ஒரு நகரத்தில் ஓர் எண் குறைந்தது. இங்கே ஒரு வீட்டில் உலை வைப்பதற்கு யோசனை வந்தது.

அவ்வாண்டில் அடியேனுக்கு வயது 43. விலை வீழ்ந்ததோடு நின்றிருந்தால் பெரிதில்லை. தண்டைத் துளைக்கும் புழு தோட்டத்தில் புகுந்தது. அந்தப் புழு வெளியில் இருந்துகொண்டு இலையைத் தின்பதில்லை. தண்டின் உள்ளே பல மாதங்கள் தங்கிக் குடைகிறது. மேலே பார்த்தால் செடி பசுமையாகவே நிற்கும். தண்டில் மேடு தட்டி, இலை வாடத் தொடங்கும்போது செடி முடிந்துபோயிருக்கும். வேரோடு பிடுங்கிக் கொளுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. நான் நட்ட செடிகளை நானே பிடுங்கித் தீயிலிட்டேன்.

அதே ஆண்டின் இறுதியில் என் தாயாருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் அசைவற்றன; பேச்சும் குழறிப்போயிற்று. அன்று படுத்தவர் 2007-ஆம் ஆண்டில் இறைவன் திருவடியை அடையும் வரையில் ஆறு ஆண்டுகள் கட்டிலிலேயே இருந்தார். ஏக்கர் நிலமும் எட்டவில்லை, வீடும் வளரவில்லை, காசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சிறு தொகை மருந்துக் கடைக்குச் சென்றது. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக என் இல்லத்தரசியின் கைவளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன.

அன்பர்களே! இவற்றை இரக்கம் தேடிச் சொல்லவில்லை. இப்பந்தலில் அமர்ந்திருப்போரில் இதனினும் கொடிய துயரத்தைத் தாங்கியவர்கள் பலர் இருப்பீர்கள் என்பதை அறிவேன். அக்காலத்தில் எனக்குத் துணையாக நின்ற ஒரு புராண வரலாற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகவே இவ்வளவும் கூறினேன்.

குங்கிலியம் வாங்கியவர்

இன்று காலையில் மூலமூர்த்திக்கு அஷ்டபந்தனம் சார்த்தப்பெற்றதைத் தரிசித்தீர்கள். திருவுருவமும் பீடமும் ஒன்றையொன்று விடாமல் பற்றி நிற்பதற்காகச் சார்த்தும் மருந்து அது. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களையும் சேர்த்து, இடித்து இடித்து, இளகவைத்து அதனை ஆக்குகின்றனர். அந்த எட்டினுள் ஒன்றாகிய குங்கிலியத்தைத் தம் பெயரிலேயே தாங்கிய நாயனார் ஒருவர் உண்டு. அவரே குங்கிலியக் கலயர்.

திருக்கடவூர் வீரட்டானத்தில் இறைவனுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டவர் அவர். வறுமை வந்தது. நிலத்தை விற்றார், உடைமைகளை விற்றார், ஒன்றும் எஞ்சவில்லை. இரண்டு நாட்களாக வீட்டில் உணவில்லை. மக்களும் சுற்றமும் பசியால் வாடுவதைக் கண்ட அவர் மனைவியார், இனி வேறு பொருளில்லை என்ற நிலையில், தம் திருமாங்கல்யத்தைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்து, நெல் வாங்கி வரும்படி சொன்னார். கலயர் புறப்பட்டார். வழியிலே ஒரு வணிகர் குங்கிலியப் பொதியோடு எதிர்ப்பட்டார். கலயரின் மனம் பொங்கியது. பொன்னைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கினார். நேரே கோயிலுக்குச் சென்று பண்டாரத்தில் சேர்த்தார். தூபத்தின் மணத்தில் தம்மை மறந்து அங்கேயே இருந்துவிட்டார்.

இவ்விடத்தில் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறதன்றோ? குழந்தைகள் பசித்திருக்கத் தூபத்திற்குப் பொன் கொடுப்பது அறமாகுமா? பலர் இக்கேள்வியைக் கேட்கத் தயங்குவர். தயங்க வேண்டியதில்லை. சேக்கிழார் பெருமான் அந்தப் பசியை மறைக்கவில்லை. நெல்லுக்குப் போனவர் திரும்பவில்லை என்று, இரவெல்லாம் அந்த அம்மையாரும் மக்களும் பசியோடு அயர்ந்து கிடந்ததைப் பெரிய புராணத்திலே எடுத்துச் சொல்லியே மேலே செல்கிறார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தூபத்தின் மணத்தை ஏற்றுக்கொண்ட இறைவன் அதோடு அமைந்துவிடவில்லை. அவருடைய அருள் முதலில் எங்கே சென்றது? கோயிலில் கைகூப்பி நின்ற கலயரிடம் அன்று. பசித்துக் கிடந்த வீட்டிற்குச் சென்றது. குபேரனை ஏவி, வீடு முழுவதும் நெல்லும் பொன்னும் நிறையச் செய்தான். அம்மையாரின் கனவிலே தோன்றி முதற்செய்தியை அவருக்கே உணர்த்தினான். அவர் எழுந்து, கண்டு, தொழுது, கணவருக்கு அமுது சமைக்கத் தொடங்கினார். அதன் பின்னரே இறைவன் கலயரை நோக்கி, பசித்திருக்கிறாய், உன் வீட்டிற்குச் சென்று பாலன்னம் உண்பாயாக என்னும் கருத்துப்படப் பணித்தான்.

கோயிலில் அமர்ந்திருக்கும் பக்தனை, 'இங்கேயே இரு' என்று இறைவன் சொல்லவில்லை. 'வீட்டிற்குப் போ' என்று சொன்னான்! இதுவே அடியேனைத் தாங்கிய செய்தி. நாம் கலயரல்லோம், அவர் செய்த செயலை நாம் செய்ய வேண்டும் என்பதற்காக இவ்வரலாறு சொல்லப்படவில்லை என்றே கருதுகிறேன். இறைவன் எங்கே முதலில் செல்லுகிறான் என்பதை அறிவதற்காகச் சொல்லப்பட்டது. தாலியைக் கழற்றிக் கொடுத்தவளின் வீடு இறைவனுக்குத் தெரியும். அந்த வீட்டின் வழியும் தெரியும். அங்கே யார் பசித்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

கை சிறுத்தால் பிடியும் சிறுக்கட்டும்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாள்தோறும் உலைக்கு அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு பாத்திரத்தில் இட்டு வைப்பர். மாதமுடிவில் அது கோயில் நிவேதனத்திற்குச் செல்லும். பிடி அரிசி என்று இதனைச் சொல்லுவோம். இங்குள்ள தாய்மார்கள் பலர் இதனை இன்றும் செய்துவருகின்றனர்.

2002-ஆம் ஆண்டில் ஒரு நாள், அரிசிப் பானையின் அடி தெரிந்த வேளையிலே என் இல்லத்தரசி வழக்கம்போலக் கையை விட்டாள். அருகில் நின்ற நான், "இந்த மாசமும் எடுத்து வைக்கணுமா?" என்று வினவினேன். அவள் சற்றும் வருத்தமின்றி, "கை சிறுத்துப்போச்சுன்னா பிடியும் சிறுக்கட்டுங்க. நிறுத்த வேண்டாமுங்க" என்றாள். அன்று எடுத்தது ஒரு பிடி அன்று. மூன்று விரல்களில் அடங்கும் அளவே. அடுத்த ஆண்டுகளில் சில மாதங்களில் அந்தப் பாத்திரத்தின் பாதிகூட நிறைந்ததில்லை. ஆனால் ஒரு நாளேனும் அது வெறுமையாக இருந்ததில்லை.

இதன் உட்பொருள் எனக்கு நம் கோயில் திருப்பணியின்போதே நன்கு விளங்கிற்று. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்தோம் அல்லவா? பெரிய கோயிலில் கல்லும் சுண்ணாம்பும் புழுதியுமாக வேலை நடக்கும். அப்போது மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து, ஒரு சிறிய இடத்தில் எழுந்தருளச் செய்து வழிபடுகிறோம். முன்னோர் இதனை இளங்கோயில் என்றும் அழைத்தனர். அங்கே கோபுரமில்லை, மண்டபமில்லை, திருவிழாவில்லை. ஒரு விளக்கும் ஒரு வேளை பூசையுமே. ஆயினும் அங்கிருக்கும் ஆண்டவன் சிறியவன் அல்லன். இடம் சிறிதாயிற்று, தெய்வம் சிறிதாகவில்லை.

துன்பம் வந்த வீட்டிலும் பக்தி பாலாலயத்தில் இருக்கிறது. யாத்திரை இராது, அன்னதானம் இராது, நீண்ட பாராயணம் இராது. மூன்று விரல் அரிசியும் ஒரு சிறு அகலும் இருக்கும். 'முன்போலச் செய்ய இயலவில்லையே' என்று வருந்தி எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர், பாலாலயத்தில் தெய்வமில்லை என்று எண்ணுகிறவரை ஒப்பார். சிறுகச் செய்யுங்கள், நிறுத்தாதீர்கள். பெரிய கோயில் மீண்டும் திறக்கும் நாள் வரும். அதுவரையில் விளக்கு அணையாதிருப்பதே திருப்பணி.

இருவர் கைகள், ஒரு கும்பிடு

அந்த ஆறு ஆண்டுகளில் என் தாயாருக்கு வேண்டிய பணிவிடைகளை எல்லாம் செய்தவள் என் இல்லத்தரசியே. நீராட்டுவதும், உணவூட்டுவதும், புண் வாராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் அவள் பணி. பகலில் மற்றவர் தோட்டத்திலும் கூலிக்குச் சென்று வருவாள்.

மாலையில் கோயில் மணியோசை கேட்கும். எங்கள் வீட்டு வாயில் வரையில் அது நன்கு ஒலிக்கும். மணி கேட்டதும் என் தாயார் இடக்கையை மெல்ல உயர்த்தி மார்புக்கு நேரே கொண்டுவருவார். வலக்கை வராது. ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது? அவர் கண்களில் நீர் பெருகும். ஒரு நாள் இதனைக் கண்ட என் இல்லத்தரசி, "அத்தை, இந்தாங்க" என்று சொல்லித் தன் கையை அந்தக் கையோடு சேர்த்துப் பொருத்தினாள். இருவருடைய கைகள் கூடி ஒரு கும்பிடு ஆயிற்று. அன்று முதல் மணியடிக்கும் நேரத்தில் யார் அருகில் இருக்கிறார்களோ அவர் கை கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. சில நாட்கள் என் கை. சில நாட்கள் என் மகள் கை.

அன்பர்களே! காசிக்குச் சென்றிருந்தால் நான் கங்கையிலே நீராடியிருப்பேன்; நல்லதுதான். இன்னும் செல்லவில்லை, செல்ல வேண்டும் என்ற ஆவலும் குறையவில்லை. ஆனால், என் தாயாரின் இடக்கையோடு என் வலக்கையைச் சேர்த்துக் கும்பிட்ட அந்தக் கும்பிடு எந்தத் தலத்திலும் எனக்குக் கிடைத்திராது. குறிக்கோள் நிறைவேறவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். குறிக்கோளின் பொருளே வேறு வடிவில் வீட்டிற்குள் வந்து நின்றது. வளைவில் வண்டி திரும்பியது, ஏற்றம் தொடர்ந்தது.

திருவாமூரில் பிறந்த திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். தந்தை இறந்தார், தாயும் உடன் மறைந்தார். மணம் பேசி முடித்திருந்த கலிப்பகையார் போரிலே உயிர் துறந்தார். தாமும் உயிர் துறக்கத் துணிந்த அம்மையார், தம்பி ஒருவன் இருக்கிறானே என்ற ஒரே காரணத்திற்காக உயிர் தாங்கினார். அத்தம்பியும் பிற்காலத்தில் தமக்கையை விட்டு வேறு நெறி தேடிச் சென்றார். அம்மையார் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் காத்திருந்தார். கொடிய சூலை நோயுற்றுத் தம்பி திரும்பி வந்தபோது, பழையதைச் சொல்லிக் கடிந்தாரில்லை. திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே திருநாவுக்கரசர். ஒரு தமக்கை துயரத்திலும் வீட்டுக் கடமையை விடாதிருந்தாள். தமிழ்நாட்டிற்கு ஓர் அப்பர் கிடைத்தார்.

பாசம் என்னும் கயிறு

கலயர் வரலாற்றிலே பின்னும் ஓர் அற்புதம் உண்டு. திருப்பனந்தாளில் சிவலிங்கத் திருமேனி ஒரு புறம் சாய்ந்திருந்தது. தாடகை என்னும் அன்பு மிக்க பெண், மாலை சார்த்தும்போது நழுவிய ஆடையை முழங்கையால் பற்றிக்கொண்டு தவிக்க, அவளுக்கு இரங்கி இறைவன் சாய்ந்து மாலையை ஏற்றான் என்பது தலவரலாறு. சாய்ந்த திருமேனியை நிமிர்த்த அரசன் யானைகளைப் பூட்டி இழுத்தும் இயலவில்லை. கலயர் சென்றார், கயிற்றின் ஒரு நுனியைத் திருமேனியிலும் மறு நுனியைத் தம் கழுத்திலும் பூட்டி இழுத்தார். திருமேனி நிமிர்ந்தது.

பாசம் என்னும் சொல்லுக்குத் தமிழில் கயிறு என்றும் பொருள். அன்பு என்றும் பொருள். யானையின் வலிமைக்கு நிமிராதது அன்பின் கயிற்றுக்கு நிமிர்ந்தது. குடும்பமும் சில காலங்களில் சாய்கிறது. கடன் சாய்க்கிறது, நோய் சாய்க்கிறது, ஒருவரோடொருவர் பேசாத மௌனம் சாய்க்கிறது. இந்த மூன்றில் மௌனமே கொடியது. அது தண்டுக்குள் இருக்கும் புழுவைப் போன்றது. வெளியில் எல்லாம் பசுமையாகவே தோன்றும். சாய்ந்ததை அதட்டி நிமிர்த்த முடியாது. பணத்தை மட்டும் கொண்டும் நிமிர்த்த முடியாது. யாரேனும் ஒருவர் கயிற்றைத் தம் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அதனை மாட்டிக்கொண்டவள் என் இல்லத்தரசி. உங்கள் வீடுகளிலும் அத்தகையவர் ஒருவர் இருப்பார். கோயிலிலிருந்து திரும்பியதும் அவர் முகத்தை ஒரு முறை பாருங்கள்.

அஷ்டபந்தனம் பன்னிரண்டு ஆண்டுகள் வரை தாங்கும் என்று பெரியோர் கூறுவர். பின்னர் இளகும், பிளவு காணும். அதனை ஒரு குற்றமாக யாரும் சொல்லுவதில்லை. காலம் செய்யும் வேலை அது. இளகியதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சார்த்துகிறோம், விழா எடுக்கிறோம். இல்லறப் பிணைப்பும் நடுவயதில் இளகுவது இயல்பே. அதற்காக நாணவும் வேண்டா, நடுங்கவும் வேண்டா. திருமணத்தன்று ஒரு முறை கட்டியது ஆயுள் முழுவதும் தானே நிற்கும் என்று இருந்துவிடாமல், இடையிடையே புதுப்பிக்க வேண்டும் என்பதையே கும்பாபிஷேகம் நமக்குக் கற்பிக்கிறது. பொறுமை, உண்மை, உழைப்பு, மன்னிப்பு, இன்சொல், சிக்கனம், விருந்தோம்பல், இறைவழிபாடு என்னும் இவ்வெட்டுமே இல்லத்துக்குரிய அஷ்டபந்தனம். இதனையும் இடித்து இடித்துத்தான் பதப்படுத்த வேண்டும். ஒரு நாளில் ஆகிவிடாது.

ஒரு மண்டலம்

கோயில் விமானத்தின் உச்சியிலே இன்று புனித நீர் பெற்ற கலசத்தின் உள்ளே என்ன வைத்திருக்கிறோம்? தானியம் வைத்திருக்கிறோம். கோயிலின் சிகரத்தில் இருப்பது உழவன் வீட்டுத் தானியமே. வீடும் கோயிலும் வேறல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சேர்வராயன் மலையுச்சிக்குச் செல்லுங்கள். ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், தலை குனிந்து நுழையும் சிறு குகையிலே, சேர்வராயனும் காவேரியம்மனும் உடன் உறைகின்றனர். மலைவாழ் மக்கள் அங்கே மே மாதத்தில் கூடி விழா எடுக்கின்றனர். இம்மலையின் தெய்வமே துணையோடு, ஒரு சிறு வீடு போன்ற குகையில்தான் குடியிருக்கிறது.

இன்று முதல் நாற்பத்தெட்டு நாட்கள் மண்டலாபிஷேகம் நடைபெறும். அந்த ஒரு மண்டலத்திற்கு அடியேன் மூன்று விண்ணப்பங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நாள்தோறும் ஒரு வேளையேனும் வீட்டிலுள்ளார் யாவரும் சேர்ந்து அமர்ந்து உண்ணுங்கள். கலயரை வீட்டிற்கு அனுப்பிய இறைவன் அதற்காகவே அனுப்பினான்.

இரண்டாவது, இயன்ற பிடி அரிசியை எடுத்து வையுங்கள். கை பெரிதானால் பிடி பெரிதாகட்டும். கை சிறுத்தால் பிடியும் சிறுக்கட்டும். அதில் சேரும் அரிசியில் ஒரு பகுதி நிவேதனத்திற்கும், ஒரு பகுதி உழைக்கும் கை நோயில் விழுந்த வீடுகளுக்கும் செல்லுமாறு திருப்பணிக் குழுவினர் ஏற்பாடு செய்வார்களாக.

மூன்றாவது விண்ணப்பம் இளைஞர்களுக்கு. நம் ஊரிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் கோயிலுக்கு வர இயலாமல் கட்டிலில் கிடப்போர் பலர். அவர்களை விட்டு அகலாமல் பணிவிடை செய்வோரும் பலர். கும்பாபிஷேகத்தை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுக் கண்ணீர் வடித்தவர்கள் அவர்கள். இந்த மண்டலத்திற்குள் அவ்வீடுகளுக்கெல்லாம் தீர்த்தமும் திருநீறும் பிரசாதமும் கொண்டு செல்லுங்கள். படுத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, பணிவிடை செய்பவருக்கும் மறவாமல் கொடுங்கள். பசித்த வீட்டை நாடி இறைவன் சென்றானென்றால், இறைவன் அடியார் செல்லுவதற்குத் தடை என்ன?

நன்கொடை வழங்கிய பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்படும், அது முறையே. உங்களில் பலர் வளமையிலிருந்து வழங்கினீர்கள். சிலர் வறுமையிலிருந்தும் வழங்கினீர்கள். ஐந்து ரூபாய் கொடுத்துப் பெயர் சொல்லாமல் சென்ற தோட்டத் தொழிலாளத் தாய்மார்களும் உண்டு. அவர்கள் பெயர் கல்லில் இல்லை. அஷ்டபந்தனத்தில் கலந்த குங்கிலியமும் வெளியே தெரிவதில்லை, பிணைப்பது அதுவும்தான்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். காபியின் விலை பின்னர் ஏறிற்று, இறங்கிற்று, மறுபடியும் ஏறிற்று. பிடுங்கிய இடத்தில் புதுச் செடிகள் நட்டோம். நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினோம். மகள் படித்து ஆசிரியையானாள். அடகு வைத்த வளையல்கள் திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் அன்னை ஒரு நாளும் பேசியதுமில்லை. பிடி அரிசிப் பாத்திரம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

துன்பம் இல்லாத வாழ்வைத் தா என்று வேண்டுவது எளிது. வேண்டுவதில் தவறும் இல்லை. அத்தோடு, துன்பம் வரும் வேளையில் ஒருவர் கையை ஒருவர் விடாதிருக்கும் வரத்தையும் வேண்டிக்கொள்வோம். சந்நிதியிலே கண்ணீர் மல்க நிற்கும் நம்மை நோக்கி ஆண்டவன், 'வீட்டிற்குச் செல். உனக்கு முன்னே நான் அங்கே வந்திருக்கிறேன்' என்றே அருளுகிறான். அந்த அருளை நம்பி அவரவர் இல்லம் ஏகுவோமாக.

திருப்பணியில் பங்கு கொண்டோர், இவ்விழாவைக் கண்டோர், காண வர இயலாமல் வீட்டிலிருந்தே தொழுதோர் யாவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ எம்பெருமான் திருவருள் துணைபுரிவதாக.